வரைகலை பயில எக்கல்லூரி?



“படங் கீறிச் சீவிக்கலாமோ?” என்று நம் வீடுகளிலே கேட்பது வழக்கம். 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே நிறுவிய நாவலர் பெருமானின் ஊரில் இக்கேள்வி எழலாகாது. அன்று எழுத்துக் கோத்தவர் செய்த வேலையிற் பெரும்பகுதியை இன்று வரைகலைஞர் கணினியின் முன்னிருந்து செய்கிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் பயிலலாம். மொறட்டுவையிலும் வடிவமைப்புப் பட்டம் உண்டு; அங்கே ஆங்கிலத்திற் பயில வேண்டும். உயர்தரப் பெறுபேறு மாத்திரம் போதாது; உளச்சார்புப் பரீட்சையிலும் தேறவேண்டும். இதை அறியாமல் விண்ணப்பித்துவிட்டுப் பின்பு வருந்துவோர் உளர்.

மென்பொருளை மாத்திரம் சில மாதத்திற் பழக்கிவிடும் தனியார் நிலையங்களும் இருக்கின்றன. எல்லாம் பழுதென்று நாம் சொல்லோம். ஆனால் பணங் கட்டுமுன், அங்கே படித்தவர்கள் செய்த வேலையைக் காட்டுமாறு கேட்போம். தமிழெழுத்தின் வடிவத்தைக் கற்பிப்பவர் யாரென்றும் கேட்போம். திருவிழா அறிவித்தலிலே கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமுமாய்க் கிடப்பதைக் கண்டு நாம் முகஞ் சுளிப்பதில்லையா? அதை அடித்தவருக்கு மென்பொருள் நன்றாகத் தெரிந்திருக்கும்!

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்த்து விண்ணப்பம் நிரப்ப, மாணவர் நம் சங்கத்துக்கு வரட்டும். தகப்பன்மாரும் கூடவே வந்தால் நன்று.