யூதர் மீதான வெறுப்பும் முஸ்லிம் இளைஞரின் கடமையும்

 

மதீனாவில் ஒரு வீட்டிலிருந்து போர்க்கவசமொன்று களவு போயிற்று. களவாடியவன் முஸ்லிமென்று பெயர்கொண்ட ஒருவன். அகப்பட்டுவிடுவோமென அஞ்சிய அவன், அதனை ஒரு யூதரின் வீட்டில் சேர்ப்பித்துவிட்டுப் பழியையும் அவர்மீதே போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து, தம்மவனுக்காகப் பரிந்து பேசுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் மன்றாடினார்கள். பொருளோ யூதரின் வீட்டிலே இருக்கிறது. அவ்வேளையிலேதான் ஸூரத்துந் நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கின எனத் தப்ஸீர் ஆசிரியர்கள் பலரும் எழுதியுள்ளனர். மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாமென்றும், தன் குற்றத்தை நிரபராதிமேல் சுமத்துபவன் பெரும் பாவத்தைச் சுமந்துகொள்கிறான் என்றும் அவை தீர்த்துரைத்தன. மதீனாவின் யூதக் கோத்திரங்கள் சிலவற்றோடு பகை நிலவிய காலம் அது. அந்தப் பகை, தனியொரு யூதரின் நிரபராதித்தனத்தை மறைக்க இடமளிக்கப்படவில்லை.

இதனை ஏன் இன்று நினைவூட்டுகிறேன்? சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், ஓர் இளைஞர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். உலகின் வங்கிகள், பத்திரிகைகள், யுத்தங்கள் அனைத்தையும் யூதர்களே இரகசியமாக இயக்குகின்றனர்; அவர்களுடைய மூத்தோர் சபையின் அறிக்கையே இதற்கு ஆதாரம் என்றிருந்தது அச்செய்தி. "ஹஸ்ரத், இதனை எல்லோருக்கும் அனுப்பலாமா?" என்று கேட்டார். கேட்டாரே, அதற்காக அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக! பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

அந்த அறிக்கையின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். 'சீயோன் மூத்தோரின் நடவடிக்கைக் குறிப்புகள்' என வழங்கும் அது, 1903இல் ரஷ்யப் பத்திரிகையொன்றில் முதன்முதலாக வெளிவந்தது. 1921இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் கொன்ஸ்தாந்திநோபிள் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் அதன் குட்டை உடைத்தார். மொரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர், மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோன்மையைக் கிண்டல் செய்து 1864இல் ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் யூதர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்நூலின் பந்திகளைத் திருடி, பேசுவோரை மாற்றி, யூதரின் சதியென்று பெயர் சூட்டியிருந்தார்கள். பொய் வெளிப்பட்ட பின்னும் அது ஓயவில்லை. ஹிட்லரின் கட்சி அதனைப் பரப்பியது. அத்தகைய பொய்களால் நஞ்சூட்டப்பட்ட மனங்களே, அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டபோது துணைநின்றன. அல்லது வாய்மூடிப் பார்த்திருந்தன. அந்தப் போலி நூல் அரபு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. நம்மவருள் சிலர் மேடைகளில் அதனை ஆதாரமாகக் காட்டியதும் உண்டு. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொய்யொன்று ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்களாகிய நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில், கறியில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் நன்கு அறியாத கடைக்காரர் மிரட்சியில் தலையாட்டினார். அது காணொளியாகப் பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படியொரு மாத்திரை உலகிலேயே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னது பலருடைய செவியில் ஏறவில்லை. அடுத்த மாதம் திகனையில் என்ன நடந்ததென்பதை நீங்கள் அறிவீர்கள். முஸ்லிம்கள் இரகசியமாகச் சதி செய்கிறார்கள் என்ற அதே சொற்களைத்தான், பெயரை மட்டும் மாற்றி, அந்த இளைஞர் தம் கையில் வைத்திருந்தார்.

அவர் சிறிது நேரம் மௌனமாக நின்றார். பின், "காஸாவில் நடப்பதைப் பார்த்த பின்னுமா ஹஸ்ரத்?" என்றார்.

நியாயமான கேள்வி. 2023 ஒக்டோபர் 7ஆம் திகதி இஸ்ரேலில் அப்பாவிகள் கொல்லப்பட்டனர். அதன் பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர், பெண்களும் பாலகரும், கொல்லப்பட்டனர். அநீதியை அநீதியென்று கூறுவது ஈமானின் பாற்பட்டது. ஓர் அரசின் செயலைக் கண்டிப்பதும், ஓர் இனத்தில் பிறந்ததற்காக மனிதரை வெறுப்பதும் ஒன்றல்ல. 2023 ஒக்டோபர் 27ஆம் திகதி, நியூயோர்க்கின் பெரிய புகையிரத நிலையத்தை நிறைத்து நின்று போர் நிறுத்தம் கோரியவர்களுள் பெரும்பாலானோர் யூதர்கள். பலரைப் பொலிசார் கைது செய்தனர். "யூதர்கள்" என்ற ஒரே சொல்லால் இவர்களையும் சபிப்போமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்யலாகாது என்று ஸூரத்துல் மாயிதாவின் 8ஆம் வசனம் கட்டளையிடுவது, பகையே இல்லாத வேளைக்காக அன்றே!

பெற்றார்களே, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க ஒரு குடும்பத்தின் கதை இது. அல்பேனியா நாட்டின் தலைநகர் திரானாவில் ரெபிக் வெசெலி என்னும் முஸ்லிம் இளைஞர், மோஷே மண்டில் என்ற யூதப் புகைப்படக் கலைஞரிடம் தொழில் பழகி வந்தார். 1943இல் ஜேர்மன் படை அங்கு நுழைந்தது. ரெபிக் தமது பெற்றாரின் அனுமதி பெற்று, மண்டில் குடும்பத்தினரை மலையூராகிய குரூயாவிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பெரியவர்கள் தொழுவத்தின் மேலிருந்த சிற்றறையில் ஒளிந்திருந்தனர்; சிறுவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக விளையாடினர். 1944 நவம்பரில் நாடு விடுதலை பெறும்வரை, அகப்பட்டால் தம் உயிரும் போகுமென்று அறிந்தே, வெசெல், பாத்திமா தம்பதியினர் அவர்களைக் காத்தனர். வாக்குக் கொடுத்தால் உயிர்கொடுத்தும் காப்பதை அந்நாட்டார் 'பெசா' என்பர். அல்பேனியாவில் போர் முடிந்தபோது இருந்த யூதர்களின் தொகை, போருக்கு முன்பிருந்ததிலும் அதிகம்.

அண்மைக் காலத்து நிகழ்வும் ஒன்றுண்டு. 2018 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூத ஆலயமொன்றில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அகதிகளுக்கு உதவுகிறார்கள் என்பதே கொலைகாரன் அவர்கள்மீது கொண்ட ஆத்திரம். அமெரிக்க முஸ்லிம்கள் உடனே நிதி திரட்டி, இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் அக்குடும்பங்களுக்கு வழங்கினர். ஐந்து மாதங்களில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டபோது, பிட்ஸ்பர்க் யூதர்கள் நமக்காக நிதி திரட்டினார்கள். இரு கொலைகாரரும் வெளியார் படையெடுத்து வருகின்றனர் என்ற ஒரே பொய்யைக் குடித்தவர்கள்.

நம் ஊர்களில் யூதரைக் கண்ணால் கண்டோர் அரிது. ஆகவே நம் பிள்ளைகள் அவர்களைச் செய்திகளின் வழியாக மட்டுமே அறிகின்றனர். பெற்றார் இரவுணவு வேளையில், பிள்ளைக்கு அன்று வந்த செய்தி எங்கிருந்து வந்ததென்று வினவலாம். கதீப்மார் துஆவில் கொடுமைக்காரரைச் சபிக்கையில் சொல்லைத் தேர்ந்து உரைக்கலாம். யூத ஜனாஸா ஒன்று கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றதையும், காரணம் கேட்டோரிடம் அதுவும் ஓர் உயிரன்றோ எனும் கருத்தில் வினவியதையும் மத்ரஸாக்களில் ஒரு பாடமாகவே வைக்கலாம்.

அந்த இளைஞர் செய்தியை என் கண்முன்னே அழித்தார். தமக்கு அதனை அனுப்பியவர் தமது மாமா என்றும், அவருக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை என்றும் கூறினார். கவசத்தின் கதையை எழுதி அனுப்புங்கள் என்றேன். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யாப் பாடசாலையில் அதே கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லவும் ஒப்புக்கொண்டுள்ளார்.