இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல 10 வாரம்: ஆஃபர் வர்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது. மூணாவது வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. "இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. ஷேர் மார்க்கெட் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்?"

நியாயமான கேள்வி. ஆனா என்ன படிச்சுட்டுப் போறோம்ங்கிறதை விட, அங்க போய் எதைப் பார்க்கிறோம்ங்கிறதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். 2018 கோடைல, பெங்களூருல இருக்கிற ஒரு அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கோட டெக்னாலஜி ஆபீஸ்ல 10 வாரம் இன்டர்னா இருந்தேன். பேங்க் பேர் வேண்டாம். நான் சொல்றது அந்த ஒரு பேங்குக்கு மட்டும் பொருந்துற விஷயம் இல்ல.

முதல்ல, இது என்ன மாதிரி பேங்க்?

"பேங்க்ல இன்டர்ன்ஷிப்"னு வீட்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த பிராஞ்ச்?" பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேல போய், நகைக்கடன் வட்டி எவ்வளவுன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல. நம்ம ஊர்ல பேங்க்னா பாஸ்புக், கவுன்டர், கயிறு கட்டின பேனா.

இன்வெஸ்ட்மென்ட் பேங்க் வேற. 2022 மே மாசம் எல்ஐசி பங்குச் சந்தைக்கு வந்தது ஞாபகம் இருக்கா? மத்திய அரசு 3.5 சதவீதப் பங்கை வித்து, சுமார் 20,500 கோடி ரூபாய் திரட்டினாங்க. பங்குக்கு என்ன விலை வைக்கலாம், யார் வாங்குவாங்க, முதலீட்டாளருக்குக் கொடுக்கிற ஆவணத்துல எந்தெந்த ரிஸ்க்கைச் சொல்லணும், இதையெல்லாம் கூட இருந்து செஞ்சு கொடுக்க ஒருத்தர் வேணும்ல? அதுதான் இவங்க வேலை. செபி பாஷைல மெர்ச்சன்ட் பேங்கர். கம்பெனிக்குப் பணம் திரட்டிக் கொடுக்கிறது, ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது ஆலோசனை சொல்றது, பெரிய வாடிக்கையாளர்களுக்காகப் பங்கும் பாண்டும் வாங்கி விக்கிறது. இதுக்கெல்லாம் அடியில ஓடுறது சாஃப்ட்வேர். அங்கதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேலை.

ஒரே பேர், ரெண்டு வாழ்க்கை

இன்டர்நெட்ல "இன்வெஸ்ட்மென்ட் பேங்க் இன்டர்ன்"னு தேடினா வர்ற கதைகள் பெரும்பாலும் டீல் பக்கம் வேலை பார்க்கிறவங்களோடது. ராத்திரி 2 மணிக்கு பவர்பாயின்ட்ல லோகோவை நேரா வைக்கிற கதை. அது உண்மையாவே கஷ்டமான வாழ்க்கை. 2013 ஆகஸ்ட்ல லண்டன்ல ஒரு பேங்க்ல இன்டர்னா இருந்த 21 வயசு ஜெர்மன் மாணவர் இறந்து போனார். வலிப்பு வந்து இறந்தார்னு விசாரணையில தெரிஞ்சது. அசதி அதைத் தூண்டியிருக்கலாம், ஆனா உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. அதுக்கப்புறம்தான் பேங்குகள் நேரக் கட்டுப்பாடு பத்திப் பேச ஆரம்பிச்சது. 2015ல கோல்ட்மேன் சாக்ஸ், சம்மர் இன்டர்ன்கள் நள்ளிரவுல இருந்து காலை 7 மணி வரைக்கும் ஆபீஸ்ல இருக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க. அந்த விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. காலை 7ல இருந்து ராத்திரி 12 வரைக்கும் இருக்கலாம்!

டெக்னாலஜி பக்கம் அந்த அளவுக்கு இல்ல. நான் பெரும்பாலும் 9:30க்கு உள்ள போய் 7 மணிக்கு வெளிய வந்துடுவேன். அதனால அந்த வீடியோக்களைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம். உங்க ஆஃபர் எந்தப் பக்கம்னு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுக்கோங்க.

முதல் வாரம் கோடே கிடையாது

முதல் வாரம் முழுக்க ட்ரெயினிங். அதுல பாதி, எதைச் செய்யக் கூடாதுங்கிற பட்டியல். பென் டிரைவ் சொருகக் கூடாது. பர்சனல் மெயில் கிடையாது. கேன்டீன்ல, லிஃப்ட்ல, கேப்ல கிளையன்ட் பேரைப் பேசக் கூடாது. பங்கு வாங்க விக்க முன் அனுமதி வேணும். காலேஜ்ல இருந்து நேரா வந்தவங்களுக்கு இது ஸ்கூல் மாதிரி இருக்கும். ஆனா ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கப் போகுதுங்கிற செய்தி ரெண்டு நாள் முன்னாடி வெளிய தெரிஞ்சா, அதை வெச்சு ஒருத்தர் கோடி கோடியா சம்பாதிக்கலாம். அந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் அதுதான்.

"பிரேக்"னா என்ன?

எனக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் ரீகன்சிலியேஷன். தமிழ்ல சொன்னா கணக்கு ஒத்துப் பார்க்கிறது. கேட்கவே சப்புன்னு இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கூட வந்த பசங்க மெஷின் லேர்னிங், பிளாக்செயின்னு பேசிக்கிட்டிருந்தாங்க.

விஷயம் இதுதான். டிரேடர் ஒரு பங்கை வாங்கினதும் அது ஒரு சிஸ்டத்துல பதிவாகும். ஆனா பணமும் பங்கும் அன்னைக்கே கை மாறாது. 2018ல இந்தியாலயும் அமெரிக்காலயும் அதுக்கு ரெண்டு வேலை நாள் ஆகும். டி பிளஸ் டூன்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் 2023 ஜனவரில இந்தியாவும் 2024 மே மாசம் அமெரிக்காவும் ஒரே நாளுக்கு வந்துட்டாங்க. அந்த இடைவெளில அந்த டிரேட் நாலஞ்சு சிஸ்டம் தாண்டிப் போகும். ஒரு சிஸ்டத்துல 1,000 பங்குன்னும் இன்னொண்ணுல 2,000ன்னும் இருந்தா அதுக்குப் பேர் பிரேக். ராத்திரி ஒரு ப்ரோக்ராம் ஓடி எல்லா பிரேக்கையும் கொட்டிடும். காலைல ஆபரேஷன்ஸ் டீம் அதை எக்செல்ல திறந்து ஒவ்வொண்ணா பார்ப்பாங்க.

அந்த பிரேக்கையெல்லாம் காரணத்தை வெச்சுத் தானா பிரிக்கிற ஒரு டூல்தான் நான் செய்ய வேண்டியது. ஜாவா, எஸ்க்யூஎல், ஒரு சின்ன வெப் பேஜ். ரெண்டாவது வாரம் மேனேஜர்கிட்ட, "ஆபரேஷன்ஸ்ல ஒருத்தர் பக்கத்துல ஒரு நாள் காலைல உட்காரட்டுமா?"ன்னு கேட்டேன். ஆச்சரியமா பார்த்தார், ஆனா சரின்னுட்டார்.

அந்தக் காலை நேரத்துல கத்துக்கிட்டது எந்த டாக்குமென்ட்லயும் இல்ல. நியூயார்க் மார்க்கெட் சாயங்காலம் 4 மணிக்கு மூடும்போது கோடைல நமக்கு ராத்திரி 1:30. அதாவது அங்க செவ்வாய், இங்க புதன். ரெண்டு சிஸ்டம் ரெண்டு ஊர் தேதியை எழுதினா, ஒரே டிரேட் ரெண்டு டிரேடா தெரியும். கம்பெனி பங்கை ரெண்டா பிரிச்சா, ஒரு சிஸ்டம் அதை இன்னைக்கே கணக்குல எடுக்கும், இன்னொண்ணு நாளைக்குத்தான் எடுக்கும். அந்த ஆபரேஷன்ஸ் அண்ணாவுக்கு இதெல்லாம் பார்த்த உடனே தெரியும். அவர் மனசுல இருந்த விதிகளைத்தான் நான் கோடா எழுதினேன். அல்காரிதம்னு பெருசா ஒண்ணும் இல்ல.

இவ்வளவு ஜாக்கிரதை எதுக்கு?

ஒரு வரி மாத்தினா ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணணும், அப்புறம் அனுமதி, அப்புறம் ரிலீஸ் பண்ண சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும். ஸ்டார்ட்அப்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சிரிப்பாங்க. அப்ப அவங்களுக்கு நைட் கேப்பிடல் கதையைச் சொல்லுங்க.

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பெரிய டிரேடிங் கம்பெனி. புது கோடை 8 சர்வர்ல போடணும். 7ல போட்டாங்க, ஒண்ணு விட்டுப் போச்சு. அந்த ஒரு சர்வர்ல பல வருஷமா யாரும் தொடாத பழைய கோட் இருந்துச்சு. மார்க்கெட் திறந்ததும் அது முழிச்சுக்கிட்டு ஆர்டர் மேல ஆர்டர் போட ஆரம்பிச்சது. சுமார் 45 நிமிஷம். நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல. அந்தக் கம்பெனியால அப்புறம் தனியா நிக்க முடியல, இன்னொரு கம்பெனியோட சேர்ந்துச்சு. இங்க ஒரு டெப்ளாய்மென்ட்டுக்கு இருக்கிற விலை அதுதான்.

மூணு வருஷம் முன்னாடி சேர்ந்தவரைப் பாருங்க

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இன்டர்ன்ஷிப்ங்கிறது 10 வாரம் நீளமான இன்டர்வியூ. அஞ்சாவது வாரம் நடுவுல ஒரு ரிவ்யூ, கடைசியில பிரசென்டேஷன், அப்புறம் பிபிஓ வருமா வராதாங்கிற படபடப்பு. எல்லாரும் "நான் எப்படித் தெரியறேன்"னே பார்த்துக்கிட்டிருப்பாங்க. ஆனா அந்த இன்டர்வியூல நீங்களும் கேள்வி கேட்கலாம்ங்கிறது பல பேருக்குத் தோணுறதே இல்ல.

இன்டர்னுக்குக் கிடைக்கிற வாழ்க்கை நிஜமானது இல்ல. தனி ப்ராஜெக்ட், தனி பட்டி, பெரிய தலைங்களோட டீ, டீம் லன்ச். நாளைக்கு நீங்க வேலைக்குச் சேர்ந்தா வாழப் போறது அந்த வாழ்க்கையை இல்ல. மூணு வருஷம் முன்னாடி அதே காலேஜ்ல இருந்து வந்து, ரெண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்காங்களே, அவங்க வாழ்க்கையை. ஆஃபர் லெட்டர்ல எழுதாம விட்டது அவங்க நாளைப் பார்த்தா தெரிஞ்சிடும்.

எங்க டீம்ல மதுரைக்கார அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. மாசத்துல ஒரு வாரம் ஆன்கால். அமெரிக்கா மார்க்கெட் மூடுற நேரத்துல பேட்ச் விழுந்தா போன் அடிக்கும். அந்த வாரம் அவங்க முகமே வேற மாதிரி இருக்கும். ஆனா பணம் எப்படி நகருதுங்கிறதுல அவங்களுக்கு இருந்த தெளிவு, நான் பார்த்த எந்த ப்ரொஃபசருக்கும் இல்ல. எட்டாவது வாரம் கேன்டீன்ல கேட்டாங்க:

"ஆஃபர் வந்தா என்ன பண்ணுவ?"

"எடுத்துக்குவேன்க்கா."

"எஜுகேஷன் லோன் இருக்கா?"

"4 லட்சம் இருக்குக்கா."

"அப்ப யோசிக்காத, எடு. ஆனா ஒண்ணு, லோன் முடியற மாசத்தை இப்பவே காலண்டர்ல குறிச்சு வை. அன்னைக்கு மறுபடி யோசி. இங்க யாரும் உன்னை யோசிக்கச் சொல்ல மாட்டாங்க, சம்பளம் ஏறிக்கிட்டே இருக்கும்."

பேர் பிடிச்சிருக்கா, வேலை பிடிச்சிருக்கா?

எனக்கு ஆஃபர் வந்துச்சு. என் ஸ்டைபண்ட், ஈரோட்டுல விசைத்தறிப் பட்டறைல அப்பா வாங்கின மாசச் சம்பளத்தை விட அதிகம். அந்த நிலைமைல "பேஷனைத் தேடிப் போ"ன்னு யாராவது சொன்னா கோபம்தான் வரும். எடுத்துக்கிட்டேன்.

எங்க பேட்ச்ல ரொம்ப நல்லா வேலை செஞ்ச ரெண்டு பேருக்கு ஆஃபர் வரல. ஒருத்தனோட டீம்ல அந்த வருஷம் இடமே இல்லன்னு சொல்லிட்டாங்க. அது அவனுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். அதனால, நடு ரிவ்யூவிலயே தைரியமா கேளுங்க: "அடுத்த வருஷம் இந்த டீம்ல ஆள் எடுக்கிறீங்களா?" இதைக் கேட்டா யாரும் உங்களைத் தப்பா நினைக்கப் போறதில்ல. ஆஃபர் வரலைன்னா அது உங்களுக்குக் கொடுத்த மார்க்னும் எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணும் கேளுங்க: "இங்க கத்துக்கிறது வெளிய செல்லுமா?" சில பேங்குகள்ல உள்ளயே உருவாக்கின டெக்னாலஜி இருக்கும். கோல்ட்மேன் சாக்ஸ்ல ஸ்லாங்னு சொந்தமா ஒரு ப்ரோக்ராமிங் லாங்வேஜே இருக்கு. அந்தச் சுவருக்குள்ள அது பெரிய சொத்து. வெளிய வந்தா, அதுல இருந்து பெற்ற அறிவை மட்டும்தான் கொண்டு வர முடியும், அந்த லாங்வேஜை இல்ல.

எனக்கு வேலை பிடிச்சிருந்துச்சு. பேர் அதை விடப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க, பேர் தெரியாத ஒரு கம்பெனில இதே வேலையை இதே சம்பளத்துக்குக் கொடுத்தா போவேனான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். லோன் முடிஞ்ச மாசம் மறுபடி அதே கேள்வி. அப்பவும் பதில் "ஆமா"ன்னு வந்ததால இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன். "இல்ல"ன்னு வந்த வருஷம் கெளம்பினேன்.

அந்தத் தங்கச்சிக்கு: பங்கு, பாண்ட், செட்டில்மென்ட், இந்த மூணும் என்னன்னு ஒரு வார இறுதில படிச்சுக்கோங்க, போதும். எஸ்க்யூஎல்லை நல்லா தேய்ச்சுக்கோங்க. ரெண்டாவது வாரம் முடியறதுக்குள்ள, உங்க டூலை யூஸ் பண்ணப் போறவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உட்காருங்க. மூணு வருஷம் சீனியர் ஒருத்தரோட டீ குடிங்க. மிச்சத்தை அந்த 10 வாரமே சொல்லிக் கொடுக்கும்.

உங்க இன்டர்ன்ஷிப் அனுபவம் வேற மாதிரி இருந்தா எழுதி அனுப்புங்க. குறிப்பா ஆஃபர் வராதவங்க. உங்க கதைகளை வெச்சு ஒரு தனி எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.