ஜீப் வாங்கலாமா?



பீர்மேட்டில் ஜீப் இல்லாமல் ஒரு நாள் நடக்குமா? காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருவது ஜீப். பஸ் ஏறாத மேட்டு லயத்துக்கு அரிசி மூட்டை கொண்டு போவது ஜீப். இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் ஜீப்தான். அதனால் ஜீப் ஓட்டும் பிள்ளைகளுக்கு எல்லாம் ஓர் ஆசை உண்டு. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும்.

ஆசை நல்லதுதான். ஆனால் கணக்குப் பார்க்காத ஆசை கடனில் முடியும். இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

தாயின் பணம்

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் 35 ஆண்டு கொழுந்து பறித்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகன் பிறருடைய ஜீப்பைத் தினவாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான்.

தாய்க்குப் பணிக்கொடை வந்திருக்கிறது. கிராஜுவிட்டி என்று சொல்வோமே, அதுதான். ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் கூலி என்பது அதன் கணக்கு. 35 ஆண்டுக்கு 525 நாள் கூலி. ஒரு நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2,52,000 ரூபாய்.

இந்தப் பணம் எளிதில் வந்ததல்ல. 2000-ஆம் ஆண்டில் பீர்மேட்டில் சில தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. அங்கே வேலை பார்த்த பலருக்கு உரிய காலத்தில் இந்தப் பணம் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கு இதுவே கடைசிப் பணம். லயத்து வீட்டை ஒரு நாள் விட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது ஒதுங்க ஓர் இடம் வேண்டும் அல்லவா?

மகன் சொன்னான்: "அம்மா, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டினால் புது வண்டி எடுத்துவிடலாம்."

தாய்க்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கம்பத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் தன் அண்ணனை வரச் சொன்னார். அவர் வந்தார். வந்ததும் ஒரு நோட்டும் பேனாவும் கேட்டார்.

"மாப்ளே, முதல்ல கணக்கு எழுதுவோம். அப்புறம் வண்டியைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

நான்கு வழிகள்

மகன் சொல்லச் சொல்ல மாமா எழுதினார். சாதாரண நாளில் ஓட்டம் 1,800 ரூபாய். டீசல் 700 ரூபாய். மீதி 1,100 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 27,500 ரூபாய்.

முதல் வழி, இப்போது ஓட்டுகிற தினவாடகை வண்டி. வண்டிக்காரருக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய். மகன் கையில் 600 ரூபாய் நிற்கும். மாதம் 15,000 ரூபாய். டயர் தேய்ந்தாலும், என்ஜின் பழுதானாலும் செலவு வண்டிக்காரருடையது. ஆனால் எத்தனை ஆண்டு ஓட்டினாலும் வண்டி சொந்தமாகாது.

இரண்டாம் வழி, புது வண்டி. தாயின் பணம் முன்பணமாகப் போகும். அதற்கு மேல் 7 லட்சம் ரூபாய் கடன். ஐந்து ஆண்டு, 12 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 15,570 ரூபாய். காப்பீடு, வரி, டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் மாதம் 4,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். மீதி 7,930 ரூபாய்தான். வாடகை வண்டியில் கிடைப்பதில் பாதி! ஐந்து ஆண்டு முடிந்தால் வண்டி சொந்தம். அதுவரை தாங்க வேண்டும்.

மூன்றாம் வழி, பத்து ஆண்டு ஓடிய பழைய வண்டி. விலை 2,50,000 ரூபாய். தாயின் பணம் முழுவதையும் கொடுத்தால் கடன் இல்லை. பழைய வண்டிக்கு வேலை அதிகம். அதற்கு மாதம் 7,000 ரூபாய் ஒதுக்கினால் மீதி 20,500 ரூபாய். வாடகை வண்டியைவிட 5,500 ரூபாய் கூடுதல். ஆனால் தாயின் கையில் மிஞ்சுவது 2,000 ரூபாய். போட்ட பணம் திரும்பி வர ஏறத்தாழ நான்கு ஆண்டு ஆகும்.

நான்காம் வழி, அதே பழைய வண்டிக்குப் பாதிக் கடன். கையிலிருந்து ஒரு லட்சம், கடன் ஒன்றரை லட்சம். மூன்று ஆண்டுத் தவணை மாதம் 5,417 ரூபாய். மீதி 15,083 ரூபாய். வாடகைக்கு ஓட்டினாலும் இதே அளவுதான் கிடைக்கும். ஆனால் மூன்று ஆண்டில் வண்டி கைக்கு வரும். தாயிடம் ஒன்றரை லட்சம் மிஞ்சும்.

"அப்ப நாலாவது வழிதான் மாமா!" என்றான் மகன்.

"பொறு மாப்ளே, மழைக் கணக்கை எழுதலையே" என்றார் மாமா.

மழை மாதம்

பீர்மேட்டு மழை நமக்குத் தெரியும். ஆனி, ஆடியில் மண் சரியும், மரம் விழும், சவாரி குறையும். 25 நாள் ஓட்டம் 15 நாளாகும். 1,100 வீதம் 15 நாளுக்கு 16,500 ரூபாய்.

வாடகை வண்டியில் 9,000 ரூபாய் கிடைக்கும். பாதிக் கடன் வாங்கிய பழைய வண்டியில் 4,083 ரூபாய் கிடைக்கும். புது வண்டியில் தவணை கட்டிய பிறகு மிஞ்சுவது 930 ரூபாய். அதில் டயருக்கு எடுப்பதா, அடுப்புக்கு எடுப்பதா?

சபரிமலை சீசனில் நன்றாக ஓடும். தேக்கடிக்கும் வாகமண்ணுக்கும் சுற்றுலாப் பயணிகள் வந்தாலும் ஓடும். அந்த மாத வருமானத்தைப் பார்த்துத் தவணையை ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆடி மாதம் எவ்வளவு கட்ட முடியுமோ, அதுதான் நம் தவணை.

ஆடியைவிட மோசமான காலமும் வரும். 2018 ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2020-ல் கொரோனா வந்தது. அப்போது மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. தவணை நின்றது. ஆனால் வட்டி நிற்கவில்லை. ஓடாத வண்டிக்கும் வட்டி ஓடும். இதை மறக்கக் கூடாது.

வட்டி இரண்டு வகை

மாமா இன்னொன்றும் சொன்னார். "பத்து சதவீத வட்டி" என்று இரண்டு இடத்தில் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஒன்றரை லட்சம் ரூபாய்க் கடன். மூன்று ஆண்டு. சிலர் முழுக் கடனுக்கும் மூன்று ஆண்டு வட்டியை முதலிலேயே போட்டுவிடுவார்கள். வட்டி 45,000 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்தாலும் வட்டி குறையாது.

இன்னொரு முறையில், மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. அதே பத்து சதவீதம்தான். ஆனால் வட்டி ஏறத்தாழ 24,200 ரூபாய்தான். வித்தியாசம் 20,000 ரூபாய்க்கு மேல்! முதல் முறையில் சொல்லும் பத்து சதவீதம் உண்மையில் 18 சதவீதத்துக்குச் சமம்.

ஆகவே "வட்டி எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கடனின் முக்கிய விவரங்களை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். இங்கே பத்திரங்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும். "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாமீன் கையெழுத்தும் விளையாட்டல்ல. மகன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்ட தாய்தான் கட்ட வேண்டும்.

தவணை தவறினால் அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் கூறியது. சட்டப்படிதான் வண்டியை எடுக்க வேண்டும்.

காகிதம் பார்ப்பது

பழைய வண்டி வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கிறதா? ஃபைனான்ஸ் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் பழைய கடன் முடியவில்லை என்று பொருள். ஃபைனான்ஸ் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். வரி, காப்பீடு, எஃப்.சி., அபராதம் எல்லாவற்றையும் பாருங்கள்.

வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் வேண்டும். வெள்ளைப் பலகையில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கலாம்.

தேனி, கம்பம் வண்டி விலை குறைவு என்று வாங்குவோர் உண்டு. அது டி.என். 60 வண்டி. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கேரளத்தில் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். நம் பகுதிக்கு வண்டிப்பெரியாற்றில் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பேர் மாற்றாமல் வண்டி வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 29, 30 என்று இரண்டு படிவங்கள் உண்டு. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டியை விற்ற காசு செலவான பிறகும் நஷ்டஈட்டு வழக்கு பழைய பேருக்கே வரும்.

வண்டி பார்ப்பது

நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். காலையில், என்ஜின் சூடாகும் முன் பாருங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. அடியில் குனிந்து துருவைப் பாருங்கள். நம் மழைக்குச் சேஸிஸ் அரிக்கும். குட்டிக்கானம் இறக்கத்தில் ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் கியர் நழுவுகிறதா என்றும் பாருங்கள்.

குடும்பத்தின் முடிவு

கடைசியில் தாய் பேசினார். "அண்ணே, அவனுக்கு வண்டி வேண்டாம்னு நான் சொல்லலை. என் பணம் பூராவும் சக்கரத்துல ஓட வேண்டாம்."

மாமா சிரித்தார். "சரியாச் சொன்னே தாயி. மாப்ளே, நீ ஒரு வருஷம் வாடகை வண்டியே ஓட்டு. தினமும் 200 ரூபாய் தனியா வை. வருஷத்துல 250 நாள் ஓட்டினா 50,000 ரூபாய் சேரும். ஓட்டம், டீசல், செலவு எல்லாம் இந்த நோட்டுல எழுது. ஆடி மாசத்தையும் எழுது. அப்புறம் உன் பணம் அம்பதாயிரம், அம்மா பணம் அம்பதாயிரம். மீதிக்குக் கடன். அம்மாவோட ரெண்டு லட்சம் வீட்டுக்கு இருக்கட்டும்."

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து, அன்றைய ஓட்டத்தை முதல் வரியில் எழுதினான்.

சகோதர சகோதரிகளே, 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்தவர் அமைச்சர் அல்ல. புதிதாக எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. நீங்களும் எழுத்துக் கற்றவர்கள். பேர் எழுத மட்டும் அதைக் கற்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கவும், பணம் கொடுக்கும் முன் கணக்குப் போடவும்தான் கற்றீர்கள்.

வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டு ஆடி மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். எவ்வளவு தவணை தாங்கும் என்று அந்த நோட்டே சொல்லும்.