பேய் எந்த மொழியில் பேசும்?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் வந்திருக்கான், வேலைவாய்ப்பு பற்றி அறுக்கப் போறான் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது ஒரு பேய்க்கதை.

சேலத்துக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் நம்ம ஏற்காடு ரோடு மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த படம். கடனைத் திருப்பித் தந்த மாதிரி, அங்கே 1993-ல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' 2005-ல் 'சந்திரமுகி'யாக நம்மிடம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', பிறகு வங்காளியில் ஒன்று, 2007-ல் இந்தியில் 'பூல் புலையா'.

கதை உங்களுக்குத் தெரியும். பழைய அரண்மனை, பூட்டிய அறை, கொலையான நாட்டியக்காரி, பூட்டைத் திறக்கிற புதுப் பெண். பெரிய வீடும் பூட்டிய அறையும் சீமையிலிருந்து வந்த சரக்குதான். ஆனால் ஒரு விஷயம் நம்ம நாட்டுக்கே உரியது. மலையாளப் படத்தில் கங்கா நாகவல்லியாக மாறும்போது தமிழ் பேசுவாள், நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அதைத் தமிழில் எடுத்தபோது என்ன செய்வது? சந்திரமுகியைத் தெலுங்குக்காரி ஆக்கினார் பி.வாசு. கன்னடத்திலும் அவர் வைத்தது தெலுங்குதான். இந்தியில் அவள் வங்காளி. ஆக, எந்த ஊரிலும் பேய் உள்ளூர் மொழி பேசுவதில்லை. பக்கத்து மாநிலத்திலிருந்துதான் வருது!

அம்மாபேட்டைப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது வேடிக்கை. தறிக்காரக் குடும்பங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் காதில் விழும். இங்கே பக்கத்து வீட்டு மொழி கேட்டால் பேய் என்று அர்த்தமில்லை. பாவு பிணைக்க ஆள் கூப்பிடறாங்க, அவ்வளவுதான்.

ஆனாலும் திரையில் அது பலிக்குது. தன் மனைவி தனக்கு அந்நியமாகிவிட்டாள் என்பதை டாக்டர் விளக்குவதற்கு முன்னாடியே புருஷனுடைய காது சொல்லிவிடுகிறது. ஷோபனா தேசிய விருது வாங்கிய நடிப்பு அது. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லிக்குக் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். ஒரு முகம், இரண்டு தொண்டை. இன்னொரு சங்கதி: அந்த அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதி எடுத்த பத்மநாபபுரம், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

இப்போ நம்ம தொழிலுக்கு வருவோம். ஒரு பிளானை வேறு மனையில் கட்டும்போது தூணை நகர்த்தினால் பாரம் முழுக்க இடம் மாறும். மலையாளத்தில் தூண், கங்கா. மோகன்லால் வந்து சேரவே பாதிப் படம் போல ஆகிவிடும். அப்பா அம்மா கல்கத்தாவில், குழந்தை பாட்டியிடம் என்று வளர்ந்த அந்தத் தனிமைதான் நோயின் வேர். நம்ம படத்தில் ரஜினி ஆரம்பத்திலேயே சண்டையோடு இறங்கிவிடுகிறார். ஜோதிகாவைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கண் இன்னும் பயமுறுத்துது. ஆனால் சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படத்தில் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது வேட்டையன் சிரிப்பை. கங்காவின் குழந்தைப் பருவம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு)

பரவாயில்லை, அது ரசனை விவகாரம். எனக்குக் கோபம் பின்னாடி வந்த படங்களிடம். மூலக்கதை சொன்னது: இங்கே பேய் இல்லை, ஒரு நோயாளி இருக்கிறாள். மந்திரவாதியே டாக்டரோடு கைகோர்த்து வேலை செய்வார். சந்திரமுகி வரைக்கும் இது கெடவில்லை. 2022-ல் 'பூல் புலையா 2', 2023-ல் 'சந்திரமுகி 2' இரண்டிலும் பேய் நிஜமாகவே வந்துவிட்டது. டாக்டர் காணோம்.

சினிமாதானே என்று விட முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கூட்டி வந்தவர்கள் அவர்களைப் பெற்ற, கட்டிய மனிதர்கள்தான். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தாச்சு. இருந்தும், திடீரென்று வேற மாதிரி பேசுகிற மருமகளை முதலில் எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

தம்பி தங்கைகளே, 'மணிச்சித்திரத்தாழ்' 2024 ஆகஸ்டில் புதுப் பிரிண்டோடு திரும்ப ரிலீஸ் ஆனது. அதை முதலில் பாருங்கள், சந்திரமுகியை மறுநாள் பாருங்கள். சண்டை போட வேண்டுமானால் சாப்பாட்டுப் பந்தியில் நான் இருப்பேன்.