கிளாரா வார்ட்: குடும்பம் வளர்த்த கீதம்

பக்திப் பாடல் ஆலயத்திலே பிறக்கின்றது. பிறந்த இடத்திலேயே அது நிற்க வேண்டுமா, வெளியே சென்று எல்லாருக்கும் உரியதாக வேண்டுமா என்பது பல சமயங்களிலும் பல நாடுகளிலும் எழுந்த வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவில் அவ்வினாவின் பாரத்தைத் தம் வாழ்விலே சுமந்தவர் கிளாரா வார்ட் அம்மையார். சுவிசேஷ கீதம் பாடுவதிலும் அதற்குப் பியானோ வாசிப்பதிலும் அவர் பெரும் புகழ் பெற்றவர்.

கிளாரா 1924 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி பிலடெல்பியா நகரிலே பிறந்தார். தென் கரோலைனாவின் அண்டர்சன் என்னும் ஊரிலிருந்து நல்வாழ்வு தேடி வடக்கே வந்த கறுப்பினக் குடும்பம் அவருடையது. அவ்வாறு தெற்கை விட்டு வடக்கின் தொழில் நகரங்களை நாடிச் சென்றோர் இலட்சக்கணக்கானோர். பொருட் செல்வம் அற்ற அம்மக்கள் தம்முடன் கொண்டு சென்ற செல்வம் தேவாலயப் பாட்டு. கிளாராவின் தாயார் கேர்ட்ரூட் அம்மையார், பாடுவதே இறைவன் தமக்கு இட்ட பணி என 1931 ஆம் ஆண்டிலே உறுதி பூண்டார். மகளிர் வில்லாவும் கிளாராவும் தாயுடன் சேர, மூவர் குழு ஒன்று உருவாயிற்று. 1943 ஆம் ஆண்டில் கறுப்பினப் பப்ரிஸ்த சபையினரின் தேசிய மகாநாட்டிலே பாடிய பின்னர், இக்குழுவுக்குப் பல ஊர்களிலிருந்தும் அழைப்புகள் வந்தன.

சுவிசேஷ கீதத்திலே பியானோ வெறும் பக்கவாத்தியமாக நிற்பதில்லை. பாடகர் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்கும் இடைவெளியிலே அது மறுமொழி கூறும்; சபையோரின் கைதட்டலுக்குத் தாளம் அமைக்கும்; பாட்டின் வேகத்தை மெல்ல மெல்ல உயர்த்தும். பாடிக்கொண்டே இவ்வளவையும் செய்தல் எளிதன்று. கிளாராவுக்கு அது இளமையிலேயே கைவந்தது.

1947 ஆம் ஆண்டில் மேரியன் வில்லியம்ஸ், ஹென்றியெற்றா வாடி ஆகியோர் குழுவிலே சேர்ந்தனர். ஒருவரே முதன்மையாகப் பாடும் முறையை விட்டு, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பற்றிப் பாடும் முறையினால் இக்குழு சிறந்தது. மெம்பிஸ் நகரப் போதகர் ஹேர்பேட் புரூஸ்ரர் இயற்றிய, 'நிச்சயமாக இறைவன் வல்லவர்' எனப் பொருள்படும் பாடலின் இசைத்தட்டு, 1950 ஆம் ஆண்டளவில் இவர்களின் புகழை நாடெங்கும் பரப்பியது. பாடகர் குழுக்களுக்கு வழக்கமான நீண்ட அங்கியை நீக்கி, மின்னும் பட்டாடைகளும் உயர்ந்த கூந்தல் அலங்காரமும் பூண்டு இவர்கள் மேடையேறினர்.

புகழோடு பிணக்கும் வந்தது. குழுவின் வருமானம் தாயாரின் கையில் இருந்தது. ஊதியம் போதாது என்ற மனக்குறையினால் மேரியன் வில்லியம்ஸும் வேறு சிலரும் 1958 ஆம் ஆண்டிலே பிரிந்து தனிக்குழு அமைத்தனர். 1957 ஆம் ஆண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழாவிலே பாடிய கிளாரா, 1960 களில் லாஸ் வேகஸ் நகரின் கேளிக்கை மண்டபங்களிலும் பாடினார். மதுவும் சூதும் மலிந்த இடத்திலே தேவ கீதமா எனப் பக்தர் பலர் மனம் நொந்தனர். ஆலயம் செல்லாதோரிடம் கீதம் செல்ல வேண்டும் என்பதே கிளாராவின் விடை. இரு கூற்றிலும் உண்மை உண்டு. அம்மண்டபங்கள் பெரும்பணம் தந்தமையும் உண்மையே.

ஆயினும், அவர் பாட்டின் மெய்ம்மையை ஒரு சிறுமி அறிந்திருந்தாள். அவளுடைய அத்தையின் மரணச் சடங்கிலே பாடிய கிளாரா, உணர்ச்சி மேலீட்டினால் தம் தொப்பியைக் கழற்றித் தரையிலே எறிந்தார். தானும் பாடகியாக வேண்டும் என்று அக்கணமே உறுதி கொண்ட அச்சிறுமிதான் பின்னாளிலே உலகப் புகழ் பெற்ற அரீத்தா பிராங்ளின்.

1973 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி, பாரிசவாதத்தினால் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கிளாரா காலமானார். அப்போது அவருக்கு வயது 48. பிலடெல்பியாவில் நடந்த இறுதி ஆராதனையிலே அரீத்தா பாடினார். லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த நினைவு ஆராதனையிலே, ஊதியப் பிணக்கினாற் பிரிந்து சென்ற மேரியன் வில்லியம்ஸ் வந்து, இறைவன் வல்லவர் என்னும் அப்பழைய பாடலையே பாடினார். 1998 ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சற் சேவை கிளாராவின் உருவம் தாங்கிய முத்திரையை வெளியிட்டது. அது அரசு செய்த மரியாதை. பிரிந்தவர் திரும்பி வந்து பாடிய பாட்டோ, அதனினும் பெரிய மரியாதை.