பந்தலில் சாம்பல் நோய்: பாகலுக்குக் கந்தகம் வேண்டாம்

மார்கழி, தை மாதங்களில் உங்கள் வீட்டுத் தோட்டத்துப் பாகல், புடலைப் பந்தலைச் சற்று உற்றுப் பாருங்கள். அரிசி மாவைச் சலித்துத் தூவினாற்போல் இலைமேல் வெள்ளை படிந்திருக்கிறதா? அதுதான் சாம்பல் நோய். "பனி விழுந்து வெளுத்திருக்குதுங்க, வெயில் வந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சரியாகாது. இலைகள் மஞ்சளித்துக் காய்ந்து உதிரும். காயின்மேல் இந்த நோய் வருவது குறைவுதான். ஆனால் சமைத்துப் போடுகிற இலையே போனபின் காய் எங்கே பருக்கும்? பிஞ்சு சிறுத்து, வெயில் பட்டு வெம்பிப் போகும்.

விரலால் தேய்த்தால் மாவு கையோடு வரவேண்டும். அப்படி வராமல், இலையின் மேல்புறம் கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டும் அடியில் ஊதா கலந்த பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். மழை ஈரத்தில் வருவது. அதற்கு வைத்தியம் வேறு.

சாம்பல் நோய்ப் பூசணம் விசித்திரமானது. இலையில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதில்லை. காற்றில் ஈரமும், நிழலும், கொடி நெருக்கமும் போதும். அதனால்தான் மழை ஓய்ந்தபின் வருகிறது. யூரியாவை அள்ளிப்போட்டுக் கொடியைத் தளதளவென்று வளர்த்தவர் பந்தலில் இன்னும் வேகமாகப் பரவும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "திராட்சைக்காரர் கந்தகத் தூள் தூவுறார், நோய் நிக்குது. நாமும் தூவினா என்ன?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் ஐயா! திராட்சை தாங்கும், பாகல், புடலை, பீர்க்கு இலைகள் தாங்காமல் கருகிவிடும். கொடிக்காய்களுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பே எச்சரிக்கிறது. நோய் தின்றது பாதி, மருந்து தின்றது மீதி என்று ஆகிவிடும். பழைய துண்டுப் பிரசுரங்களில் டைனோகேப் என்ற மருந்தைப் பார்ப்பீர்கள். 2023-ல் அதை அரசு தடை செய்துவிட்டது. எங்காவது பழைய புட்டி கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வீட்டுப் பந்தலுக்குப் பால் போதும். சிரிக்காதீர்கள். பிரேசில் நாட்டில் பூசணி இனத்துச் சுக்கினிச் செடியில் பசும்பாலைத் தெளித்துப் பார்த்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒரு பங்கு பால் கலந்த நீரே பூசண மருந்துக்கு ஈடாக வேலை செய்தது. 100 மில்லி பாலில் 900 மில்லி தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டி, காலை வெயில் ஏறும் நேரத்தில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை. முதல் புள்ளி தெரிந்த அன்றே தொடங்க வேண்டும். முழுக்க வெளுத்த இலையைப் பால் பிழைக்க வைக்காது. பாலைக் கெட்டியாக ஊற்றினால் நாற்றம்தான் மிச்சம். இரண்டு நாளுக்கு ஒருதரம் காய் பறித்துக் குழம்பு வைக்கிற வீட்டில் இதில் பயமும் இல்லை.

தெளிக்குமுன், அடியில் அதிகம் வெளுத்த இலைகளை உதறாமல் கிள்ளிப் பையில் போட்டுப் புதைத்துவிடுங்கள். உதறினால் விதைத்தூள் காற்றில் பறந்து அடுத்த கொடிக்குப் போகும்.

இன்னொன்று. வெள்ளை படிந்த இலையில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் சின்னப் பொறிவண்டு திரியும். நசுக்காதீர்கள்! அது இந்தப் பூசணத்தைத்தான் மேய்கிறது. இலையைச் சல்லடையாக்குவது செம்பழுப்பு நிறத்தில் கரும்புள்ளி போட்ட வேறொரு வண்டு.

சந்தைக்காக ஏக்கர் கணக்கில் போட்டவர்கள் பாலை நம்பி இருக்க முடியாது. நோய்பட்ட இலை ஒன்றை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கு வாருங்கள். மருந்துக் கடையில் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். புட்டியில், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும். அதைப் படித்தபின் வாங்குங்கள்.

காய்ப்பு ஓய்ந்த கொடியைப் பந்தலில் விட்டுவைக்காதீர்கள். இந்தப் பூசணம் உயிருள்ள செடியில்தான் பிழைக்கும். அடுத்த விதை முளைக்குமுன் பழைய கொடியைப் பிடுங்கிவிடுங்கள். புதுப் பாகலை வரிசைக்கு வரிசை 2 மீட்டர், குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர் விட்டு ஊன்றுங்கள்.