மேகத்திற்கு முன் காற்று



மலைமேல் பெய்யும் பனியும் மழையும் காற்றின் திசைக்கு எவ்வாறு கட்டுப்படுகின்றன என்பதையும், மேகங்களில் மருந்து தூவி மழை பெறும் முயற்சி எந்த அளவுக்குப் பயன் தரத்தக்கது என்பதையும் ஆராய, பனியையே கண்டறியாததும், வானம் பொழிந்தாலன்றிக் கண்மாய் நிறையாததுமான இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் நாம் கூடியிருப்பது மிகவும் பொருத்தமானதென்றே கருதுகிறேன். கோட்டைப்பட்டினத்து மீனவர் கச்சான் என்று சொல்லும் காற்று ஆனி ஆடி மாதங்களில் புழுதியை வாரிக்கொண்டு வீசும்போது, மேகங்களும் நம் தலைக்கு மேலே ஓடத்தான் செய்கின்றன. ஆயினும் அக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்திலேயே இறக்கிவிட்டு வருவதால், நமக்கு மாலை நேரத்து இடிமழை சில கிடைப்பதோடு சரி. ஐப்பசியில் காற்றுத் திரும்பி வடகிழக்கிலிருந்து கடல் கடந்து வந்த பிறகே நம் ஏரிகளுக்கு உயிர் வருகிறது.

திசையின் வல்லமையைப் பிரத்தியட்சமாகக் காண நீலகிரியைவிடச் சிறந்த இடம் நம் நாட்டில் இல்லையென்பது என் அபிப்பிராயம். 2019 ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதியபோது, அம்மலையின் மேற்கு விளிம்பிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; 2009 நவம்பரில் வடகிழக்குக் காற்று வீசியபோதோ, குன்னூருக்கு அருகே கிழக்கு நோக்கிய பள்ளத்தாக்கிலிருக்கும் கேத்தியில் அதே அளவு மழை ஒரே நாளில் பெய்து, மலைச்சரிவுகள் இடிந்து பலர் உயிரிழந்தனர். மலை ஒன்றே, மழையை எந்தச் சரிவுக்கு அளிப்பதென்று தீர்மானித்தது காற்று. ஈரக்காற்று சரிவில் ஏறுகையில் விரிந்து குளிர்ந்து மேகமாகி நீரைச் சொரிகிறது. மறுபுறம் இறங்குகையில் சூடேறி உலர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் குல்மார்க்கில் ஆள் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டு, லடாக்கை வறண்ட பாலையாக விட்டுவைப்பதும் இந்த விதியினாலேயாம்.

1946-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனிக்கட்டியை மேகத்தில் தூவிப் பனி உண்டாக்கிக் காட்டினார். வெள்ளி அயோடைடும் அதற்கு உதவும் என்று பெர்னார்ட் வானகட் அதே ஆண்டில் கண்டார். ஆனால், பெய்த பனி தூவியதனால்தான் பெய்ததா என்ற சந்தேகம் எழுபது ஆண்டுகள் நீடித்தது. 2017 ஜனவரியில் ஐடஹோ மாநிலத்து மலைகளின்மேல், காற்றுக்குக் குறுக்கே ஒரே தடத்தில் ஒரு விமானம் போவதும் திரும்புவதுமாக வெள்ளி அயோடைடைத் தூவிற்று. ஒவ்வொரு நடையிலும் விட்ட புகையைக் காற்று முன்னே தள்ளிக்கொண்டு போகவே, சற்று நேரத்தில் ரேடார் திரையில் கோணல் தையல் போட்டாற்போல் பனிக் கோடுகள் தோன்றின. இயற்கை மேகம் எதுவும் அவ்வாறு மடங்கி மடங்கிச் செல்வதில்லை. மனிதன் செய்த பனி இதுவென்று அடையாளம் காட்டிக் கொடுத்ததும் காற்றேயாகும்.

ஐடஹோவில் கண்ட அம்முடிவை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிர்ந்தும் உறையாதிருக்கும் நீர்த்துளிகளிலேதான் வெள்ளி அயோடைடு வேலை செய்யும். நம் வானத்திலோ அந்தக் குளிர்ச்சி ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலேதான் உண்டு. ஆகையால் மகாராஷ்டிரத்துப் பாராமதிப் பகுதியில் 1973 முதல் 1986 வரை பதினொரு பருவங்கள் நடந்த பரீட்சைகளில், அத்தகைய குளிர்ச்சி வேண்டாத உப்பே தூவப்பட்டது; வடபகுதி, தென்பகுதி என்று இரண்டாக வகுத்து, இடையில் ஓர் இடைவெளியும் விட்டு, எதில் தூவுவதென்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, 24 சதவீதம் மழை மிகுந்ததாகக் கண்டனர். 2018, 2019 ஆண்டுகளில், நம்மைப்போலவே மலையின் மழைமறைவிலுள்ள சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் செய்த ஆராய்ச்சியில், தூவிய இடத்திலிருந்து காற்று செல்லும் திசையில் 100 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் 18 சதவீதம் மழை மிகுந்தது. தமிழ்நாட்டில் 1983-இலும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-இலும் மேகவிதைப்பு நடந்ததுண்டு. அவை வறட்சியை எதிர்த்துச் செய்தவை. வறட்சி முற்றி, மேகமே அருகிய நாட்களில் அவசரமாகத் தூவும்போது, தூவாதிருந்தால் எவ்வளவு பெய்திருக்கும் என்று ஒப்பிட்டறிய இடமிருப்பதில்லை. நல்ல மழை ஆண்டுகளிலும் தொடர்ந்து செய்வதே ஆராய்ச்சி என்பதை நான் வற்புறுத்துகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தூவிய உப்பு துளியாகித் தரைக்கு வர அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள காற்று அதற்குள் அதை 18 கிலோமீட்டர் கொண்டுபோய்விடும்; திசையை முப்பது பாகை பிழையாகக் கணித்தால் மழை ஒன்பது கிலோமீட்டர் விலகி விழும். கவிநாட்டுக் கண்மாயின் நீர்ப்பிடிப்பைக் குறித்துத் தூவியது அந்தக் கண்மாயைச் சேராது. காரைக்காலில் வானிலைத் துறையின் பலூன்களும் ரேடாரும் உள்ளன. ஆனால் அது கடற்கரை. இம்மாவட்டத்தின் உட்பகுதியில், ஆடி முதல் கார்த்திகை வரை, நாளுக்கு இருமுறை பலூன் விட்டு மேற்காற்றின் திசையையும் வேகத்தையும் குறித்து வைக்க நம் கல்லூரி மாணவர்களாலேயே முடியும். விமானத்தையும் மருந்தையும் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு. அதற்கான திட்டமொன்றை இக்கருத்தரங்கு முடிவதற்குள் வகுத்துத் தரவேண்டுமென்று கேட்டுக்கொண்டு, முதற் கட்டுரையாளரை வாசிக்க அழைக்கிறேன்.